நரகமும் நெருப்பும்: கொடைக்கானல் மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறைக்கல்வி வகுப்பிலும் துக்க வீட்டிலும் கல்லறைத் திருநாள் அன்றும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே சேர்த்திருக்கிறோம். ஒரே தெருவில் கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. சபையாரும் பெந்தெகொஸ்து சபையாரும் குடியிருக்கிற மலை இது. ஒரு வீட்டில் உத்தரிப்பு ஸ்தலத்தில், அதாவது மோட்சத்துக்கு முன் தூய்மைபெறும் இடத்தில், இருக்கும் ஆன்மாக்களுக்குப் பூசை வைப்பார்கள். அடுத்த வீட்டில் அப்படி ஒரு இடமே இல்லை என்பார்கள். பதில்கள் கத்தோலிக்கப் போதனையை ஒட்டியவை. மற்ற சபைகள் வேறுபடும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறோம். மேற்கோளாக வரும் வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை.

நரகம்னா என்னங்க? சுருக்கமா சொல்லுங்க.

கடவுள் வேண்டாம் என்று தெரிந்தே தள்ளிவிட்டு, கடைசி மூச்சுவரை மனம் மாறாமல் இருந்து, அந்த முடிவிலேயே என்றைக்குமாக நின்றுவிடுவது. 1992-ல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 'நித்திய நெருப்பு' என்ற சொல்லையும் எடுத்தாள்கிறது. ஆனால் நரகத்தின் முதன்மையான தண்டனை எது என்று சொல்லும்போது, கடவுளிடமிருந்து நிரந்தரமாகப் பிரிந்திருப்பதைத்தான் சொல்கிறது.

பாதாளம், நரகம், அக்கினிக்கடல், மூணும் ஒண்ணுதானா?

இல்லை. பழைய ஏற்பாட்டில் பாதாளம் என்பது செத்தவர்கள் எல்லாரும் போகும் இடம். நல்லவர், கெட்டவர் என்ற பிரிவினை அங்கே இல்லை. யோசேப்பு இறந்துவிட்டான் என்று நம்பிய யாக்கோபு, துக்கத்தோடு மகனிடம் பாதாளத்தில் இறங்குவேன் என்று அழுகிறார். மகன் நரகத்தில் இருக்கிறான் என்று அவர் சொல்லவில்லை.

நரகம் என்று இயேசு சொல்லும் இடங்களில் மூலத்தில் இருப்பது 'கெகன்னா'. புதிய ஏற்பாட்டில் அது 12 முறை வருகிறது: 11 முறை இயேசுவின் வாயில், ஒருமுறை யாக்கோபு 3:6-ல். அக்கினிக்கடல் வெளிப்படுத்தல் புத்தகத்தின் படம். அங்கே மரணமும் பாதாளமுமே அக்கினிக்கடலில் தள்ளப்படுகின்றன (20:14). பாதாளமே அதற்குள் போகிறது என்றால் இரண்டும் ஒன்றாக இருக்க வழியில்லை. தமிழ் வேதாகமத்தில் சில சங்கீதங்களில் பாதாளம் வரவேண்டிய இடத்தில் நரகம் என்றே அச்சாகியிருப்பதால் குழப்பம் கூடிப்போனது.

எருசலேம் ஊர்க் குப்பைமேடு எரிஞ்சுக்கிட்டே இருக்குமாம், அதுதான் நரகம்னு பிரசங்கத்துல கேட்டோம். சரியா?

பாதி சரி. கெகன்னா என்பது எருசலேமுக்குத் தெற்கே இருக்கும் இன்னோம் பள்ளத்தாக்கு. இன்றைக்கும் அங்கே நடந்து போகலாம். யூதாவின் அரசர்கள் ஆகாசும் மனாசேயும் பெற்ற பிள்ளைகளையே அங்கே தீயில் பலியிட்டார்கள் (2 நாளாகமம் 28:3, 33:6). பின்னால் வந்த அரசர் யோசியா அந்த இடத்தைத் தீட்டாக்கி, அந்தப் பழக்கத்தை நிறுத்தினார். அது கொலைக்களமாகும் என்று எரேமியா சாபமிட்டார். இயேசு பேசியதைக் கேட்டவர்களுக்கு இந்தப் பழங்கதை தெரியும்.

குப்பை எரிந்துகொண்டே இருந்தது என்ற செய்தி வேதாகமத்திலும் இல்லை, அந்தக் காலத்து வேறு எழுத்திலும் இல்லை. 1200-ஐ ஒட்டி வாழ்ந்த யூத உரையாசிரியர் தாவீது கிம்கி எழுதிய குறிப்பிலிருந்துதான் அது பரவியது. குப்பையைவிடப் பிள்ளைகளை எரித்த உண்மைதான் கனமானது. பிரசங்கிகள் அதை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று தெரியவில்லை.

எண்ணெய்க் கொப்பரை, சூலாயுதம், கொம்பு வச்ச சாத்தான் வறுத்தெடுக்கிறது, இதெல்லாம் பைபிள்ல எந்த அதிகாரம்?

எந்த அதிகாரத்திலும் இல்லை. எண்ணெய்க் கொப்பரை கருட புராணத்துக் கும்பிபாகம். கொம்பும் சூலமும் ஐரோப்பிய ஓவியர்கள் கொடுத்தவை. நம் வீடுகளில் யமலோகப் படமும் நடுத்தீர்வைப் படமும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

சாத்தான் நரகத்துக்கு அதிகாரியும் அல்ல. மத்தேயு 25:41 அந்த அக்கினி "பிசாசுக்காகவும் அவன் தூதர்களுக்காகவும்" ஆயத்தமானது என்கிறது. அவன் அங்கே கைதி. இன்னொரு வேறுபாடும் உண்டு. புராண நரகங்களில் தண்டனைக்குக் காலக்கெடு இருக்கிறது, முடிந்ததும் மறுபிறவி. கிறிஸ்தவ நரகத்தில் திரும்பி வருவது கிடையாது.

அந்த நெருப்பு நெசமான நெருப்பா? அடுப்புல எரியிற மாதிரி சுடுமா?

நெருப்பு நிஜமா என்பதில் ஆயர்கள் கூடிய எந்தத் திருச்சங்கமும் தீர்ப்பு எழுதவில்லை. வேதாகமத்தையே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். ஒரே மத்தேயு நற்செய்தியில் நரகம் 'நித்திய அக்கினி' (25:41). அதே அதிகாரத்தில் 'புறம்பான இருள்' (25:30). நெருப்பு எரிகிற இடம் எப்படிக் கும்மிருட்டாக இருக்கும்? மாற்கு 9:48-ல் அங்கே புழு சாவதில்லை, அக்கினி அவிவதில்லை. அவியாத தீயில் புழு எப்படிப் பிழைக்கும்? அந்த அக்கினி முதலில் பிசாசுக்காக ஆயத்தமானது என்று பார்த்தோம். பிசாசுக்கு உடம்பு இல்லை. மூன்றையும் எழுத்தின்படி எடுத்தால் ஒன்றை ஒன்று இடிக்கும். தாங்க முடியாத இழப்பு என்ற ஒரே உண்மைக்கான மூன்று படங்களாக எடுத்தால் இடிக்காது.

ஆனால் எல்லாரும் அப்படி எடுக்கவில்லை. புனித அகுஸ்தினார், உடல் எரிந்தும் அழியாமல் இருக்க முடியும் என்று வாதாடி, தீயில் வாழும் என்று அக்காலத்தவர் நம்பிய ஒரு பல்லியை உதாரணம் காட்டினார். சீர்திருத்தவாதி கால்வின் அந்த நெருப்பை உருவகம் என்றார். 1845-ல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டிய அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் அந்தச் சீர்திருத்த மரபில் வந்தவர்கள்தாம். 1999 ஜூலை 28 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், வேதாகமம் தரும் நரகப் படங்களைச் சரியாகப் பொருள்கொள்ள வேண்டும், நரகம் ஓர் இடம் என்பதைவிடக் கடவுளிடமிருந்து பிரிந்தவரின் நிலை என்று விளக்கினார்.

உருவகம் என்றவுடன் 'அப்ப பயமில்ல' என்று சிலர் மூச்சு விடுகிறார்கள். உருவகம் எப்போதும் பொருளைவிடச் சின்னதுதான். நெருப்பு என்று சொன்னால்தான் கொஞ்சமாவது புரியும் என்பதற்காகச் சொன்னது.

பணக்காரன் நாக்குக்கு ஒரு சொட்டுத் தண்ணி கேட்டானே! உடம்பு கல்லறையில கெடக்கையில நாக்கு எப்படி எரியும்?

லூக்கா 16-ல் வருவது உவமை. அவன் இருப்பது பாதாளம், கெகன்னா அல்ல. உயிர்த்தெழுதல் இன்னும் நடக்கவில்லை. அவனுடைய 5 சகோதரர்கள் ஊரில் உயிரோடு இருக்கிறார்கள். ஆகவே நாக்கு அங்கே இருக்க வழியில்லை. நெருப்பை நிஜம் என்று வாதாடிய அகுஸ்தினாரே இந்த இடத்தில், அந்த நாக்கு எப்படிப்பட்டதோ அப்படிப்பட்டதே அந்தச் சுவாலையும் என்று எழுதினார்.

நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் உவமையின் குற்றச்சாட்டு நழுவிவிடும். அந்த ஆள் திருடவில்லை, கொலை செய்யவில்லை. வாசலில் கிடந்த லாசருவைத் தாண்டித் தாண்டிப் போனான். பாதாளத்திலும் அவனுக்கு லாசரு தண்ணீர் கொண்டுவரும் எடுபிடிதான்.

"நம்முடைய தேவன் பட்சிக்கிற அக்கினி"ன்னு எபிரெயர்ல இருக்கே. அப்ப கடவுளும் நரக நெருப்பும் ஒண்ணா?

இதைக் கேட்டவர் ஆழமாக யோசித்திருக்கிறார். வேதாகமத்தில் நெருப்புக்கு ஒரே வேலை இல்லை. முட்செடி எரிந்தும் வேகாமல் நிற்கும்போது அது கடவுளின் அருகாமை (யாத்திராகமம் 3). இரவில் வழிகாட்டும் தூணும் அதுவே. பெந்தெகொஸ்து நாளில் தூய ஆவி. மல்கியா 3-ல் வெள்ளியைப் புடம்போடும் தட்டானின் தீ: களிம்பைத்தான் எரிக்கும், வெள்ளியை அல்ல. சோதோமில் தண்டனை. இவ்வளவையும் ஒரே கூடையில் போட்டுவிடுவதால்தான் பலருக்கு நெருப்பு என்றாலே நரகம் என்றாகிவிடுகிறது.

கீழைத் திருச்சபைகளில் வலுவாக ஒலிக்கும் ஒரு விளக்கம் உண்டு. 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்த நினிவே நகர ஈசாக்கு, நரகத்தில் இருப்பவர்களை வாட்டுவதே அன்புதான் என்று போதித்தார். கடவுளின் அன்பு எல்லார்மேலும் ஒன்றுபோலவே விழுகிறது. ஏற்றவருக்கு அது மகிழ்ச்சி, அந்த அன்புக்குத் துரோகம் செய்தவருக்கு அதுவே எரிச்சல். கத்தோலிக்கத் திருச்சபை இதைத் தன் அதிகாரப்பூர்வ விளக்கமாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பார்வையில், எபிரெயர் 12:29-ஐப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

பாஸ்கா ராத்திரி நெருப்பை மந்திரிக்கிறாங்களே, அது எதுக்கு? தீ வைக்கிறப்ப என்ன கவனிக்கணும்?

பாஸ்கா ராத்திரி என்பது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு. அந்த நெருப்பு மேலே சொன்ன முதல் வகை: இருளில் வரும் கிறிஸ்துவின் ஒளி. நெருப்பை வணங்குவது அல்ல. நன்றாக இருட்டிய பிறகு, கோயிலுக்கு வெளியே புது நெருப்பு மூட்ட வேண்டும். பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுவத்தியில் சிலுவை, முதலும் முடிவும் என்பதைக் குறிக்கும் அகரம், னகரம், அந்த ஆண்டின் 4 இலக்கங்கள் வரைந்து, 5 சாம்பிராணி மணிகளைப் பதித்து, அந்த நெருப்பிலிருந்தே ஏற்ற வேண்டும். தூபக்கலசத்துக் கரியையும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

நம் மலையில் இரண்டு விதத்தில் தவறு நடக்கும். கோடை மழை பெய்திருந்தால் விறகு ஈரமாகிப் புகை மட்டும் வரும்; யாரோ மண்ணெண்ணெயை ஊற்றுவார்கள், தீ முகத்துக்கு எழும்பும். விறகை ஒரு வாரம் முன்பே உள்ளே எடுத்து வைத்து, சிராய்களை அடியில் அடுக்கினால் எண்ணெயே வேண்டாம். மழை இல்லாத வருடம் என்றால் ஆபத்து பைன் சருகும் யூக்கலிப்டஸ் இலையும். இரும்புச் சட்டியில் தீ வையுங்கள். சுற்றிலும் பத்தடிக்குச் சருகைக் கூட்டித் தள்ளுங்கள். 2 வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் இருக்கட்டும். எல்லாரும் திரியோடு உள்ளே போய்விடுவார்கள், வெளியே சட்டி கனன்றுகொண்டிருக்கும்; அணைக்க ஒருவரை முன்கூட்டியே நிறுத்துங்கள்.

மாசி, பங்குனியில காடு பத்தி எரியுதே, அது கடவுள் கோபமா?

இல்லை. காய்ந்த புல்லும் அணைக்காத பீடியும் தோட்டம் சுத்தம் செய்ய வைத்த தீயும் காற்றும்தான். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொன்னார் (லூக்கா 13:4-5). சமாரியர் கிராமத்தின்மேல் வானத்திலிருந்து அக்கினி இறங்கட்டுமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டபோது அவர்களை அதட்டினார் (லூக்கா 9:54-55). எரிந்த காட்டைக் காட்டி நரகப் பிரசங்கம் செய்பவர்கள் இந்த இரண்டு இடத்தையும் ஒருமுறை வாசிக்கலாம்.

ஒரு ஞாயிறு பூசை விட்டாலே சாவான பாவம், நரகம்னு உபதேசியார் சொல்றாரு. மேல்மலையில பஸ்ஸே இல்லாத ஊருக்கும் அதுதானா?

சாவான பாவத்துக்கு 3 நிபந்தனைகளும் சேர்ந்து இருக்க வேண்டும்: செயல் கனமானதாக இருக்க வேண்டும், அது தப்பு என்று முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும், மனமார ஒப்பிச் செய்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் அல்ல. வேண்டுமென்றே பூசையை உதறுவது கனமான விஷயம்தான்.

பஸ் இல்லை, காய்ச்சல், கைக்குழந்தை, படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அம்மாவைப் பார்க்க வேறு ஆள் இல்லை, இவை எல்லாம் நியாயமான காரணங்கள்; பாவமே இல்லை. குரு வர முடியாத ஊரில் ஊரார் கூடி இறைவார்த்தை வழிபாடு நடத்தவோ, வீட்டில் குடும்பமாகச் செபிக்கவோ திருச்சபைச் சட்டமே (1248) பரிந்துரைக்கிறது. உபதேசியார் இந்த இரண்டாம் பாதியையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

நரகத்துக்குப் பயந்து மட்டும்தான் பாவசங்கீர்த்தனம் செய்றேன். செல்லுமா?

செல்லும். மனஸ்தாபம் என்றால் பாவத்துக்காக மனம் வருந்துவது. பயத்தால் வரும் மனஸ்தாபம் குறையுள்ளது, ஆனாலும் அதுவும் கடவுள் கொடுத்ததே. பாவசங்கீர்த்தனத்துக்கு அது போதும். கடவுள்மேல் உள்ள அன்பால் வருந்துவது உத்தம மனஸ்தாபம். சாகும் தறுவாயில் குரு கிடைக்காவிட்டால், முடிந்தவுடன் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற தீர்மானத்தோடு உத்தம மனஸ்தாபப்பட்டாலே சாவான பாவமும் மன்னிக்கப்படும். குரு எப்போதாவது வரும் ஊர்களில் உத்தம மனஸ்தாப மந்திரத்தைப் பெரியவர்கள் மனப்பாடமாக வைத்திருந்தது இதற்காகத்தான்.

உத்தரிப்பு ஸ்தலம் பைபிள்லயே இல்லன்னு பக்கத்து வீட்டுப் பாஸ்டர் சொல்றாரு.

அந்தப் பெயர் இல்லை, அவர் சொல்வது சரி. கத்தோலிக்கர் காட்டும் இடங்கள் இரண்டு. இறந்த வீரர்களின் பாவத்துக்காக யூதா மக்கபே பலி ஒப்புக்கொடுக்கப் பணம் அனுப்பியது (2 மக்கபேயர் 12). அந்தப் புத்தகம் கத்தோலிக்க வேதாகமத்தின் 73 புத்தகங்களில் இருக்கிறது, பாஸ்டர் கையிலுள்ள 66-ல் இல்லை. பாதிச் சண்டை இங்கேயே முடிந்துவிடும். மற்றது 1 கொரிந்தியர் 3:15: கட்டினது வெந்துபோகும், அவனோ இரட்சிக்கப்படுவான், "அக்கினியில் அகப்பட்டுத் தப்பினதுபோலிருக்கும்." அது தீர்ப்பு நாளில் ஊழியரின் வேலையைச் சோதிப்பது மட்டுமே என்பது பாஸ்டர் தரப்பு.

திருச்சபை உறுதியாகச் சொல்வது கொஞ்சம்தான்: அருளில் இறந்தும் முழுத் தூய்மை அடையாதவர்கள் தூய்மைபெறுகிறார்கள், நம் செபம் அவர்களுக்கு உதவும். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் மீட்கப்பட்டவர்கள். ஆகவே அது சின்ன நரகம் அல்ல. 1439-ல் புளோரன்ஸ் சங்கத்தின் ஆவணத்தில் நெருப்பு என்ற சொல்லே இல்லை. அங்கே நெருப்பு உண்டு என்பதைக் கிரேக்கர்கள் ஏற்கவில்லை. 1563-ல் திரெந்து சங்கம், வீண் ஆராய்ச்சியும் மூடநம்பிக்கையும் பணம் பார்ப்பதும் இந்த விஷயத்தில் கூடாது என்று கண்டித்தது. கண்டிக்கும் அளவுக்கு நிலைமை இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பழைய செபப் புத்தகத்துல "300 நாள் பலன்"னு போட்டிருக்கு. 300 நாள் முன்னாடியே வெளிய வந்துடுவாங்களா?

இல்லை. பலன் என்பது, மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மீதமிருக்கும் தண்டனையைக் குறைப்பது. அந்த நாள் எண் பழங்காலத்தில் பாவிகள் வெளிப்படையாகச் செய்த தவ நாள்களின் கணக்கு. 300 நாள் தவத்துக்குச் சமமான பலன் என்று பொருள். குழப்பம் வந்ததால் 1967-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் நாள் கணக்கையே எடுத்துவிட்டார். இப்போது முழுப் பலன், பகுதிப் பலன் என்று இரண்டே. தூய்மைபெறுவதை நம் கடிகாரத்தால் அளக்க முடியாது என்று 2007-ல் பதினாறாம் பெனடிக்ட் எழுதினார். ஆகவே "எங்கப்பா வெளிய வர இன்னும் எத்தனை பூசை?" என்ற கேள்விக்கு எண் கிடையாது.

கல்லறைத் திருநாள்ல ஏத்துன மெழுகுவத்தி உடனே அணைஞ்சுபோச்சு. ஆத்துமா வேதனையில இருக்குன்னு அர்த்தமா?

காற்று அடித்தது என்று அர்த்தம். நவம்பர் 2 இங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். சரிவில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் காற்று கீழிருந்து ஏறும். கனமான மெழுகுவத்தியாக வாங்குங்கள். வாயகன்ற கண்ணாடி ஜாடியின் அடியில் இரண்டு விரற்கடை மணல் போட்டு, சுடர் ஜாடியின் விளிம்புக்குக் கீழே இருக்கும்படி நடுங்கள். வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில் உருகித் தீப்பிடிக்கும். காகிதப் பூமாலையை எட்ட வையுங்கள்.

இறந்தவருக்கு உண்மையில் உதவ வேண்டுமானால்: நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் அவர்களுக்காகச் செபித்தால், நாளுக்கு ஒன்றாக முழுப் பலன் பெற்று அவர்களுக்கு ஒப்புக்கொடுக்கலாம். நிபந்தனைகள்: பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காக ஒரு செபம், எந்தப் பாவத்தின்மேலும் பற்றில்லாத மனம். பாவசங்கீர்த்தனம் ஒருமுறை செய்தால் பல நாளுக்கு ஆகும். நற்கருணை மட்டும் ஒவ்வொரு பலனுக்கும் தனியாக வாங்க வேண்டும்.

உடம்பை எரிச்சா அது நரக நெருப்புக்குச் சமமா? உயிர்த்தெழ முடியாதா?

இரண்டுமே இல்லை. கி.பி. 177-ல் லியோன் நகரில் மறைசாட்சிகளின் உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். இனி இவர்கள் எப்படி எழுவார்கள் பார்ப்போம் என்பதே நோக்கம். திருச்சபை அந்த மறைசாட்சிகளைப் புனிதர்களாக வணங்குகிறது. 1963-லிருந்து தகனம் கத்தோலிக்கருக்குத் தடை இல்லை, அடக்கம் செய்வதையே விரும்பினாலும். உயிர்த்தெழுதலை மறுப்பதற்காகத் தகனத்தைத் தேர்ந்தால் மட்டுமே தடை. 2016-ல் வந்த அறிவுறுத்தல்படி சாம்பலை ஆற்றிலோ மலையுச்சியிலோ தூவக் கூடாது. கல்லறையிலோ அதற்கென ஒதுக்கிய புனித இடத்திலோ வைக்க வேண்டும். வீட்டு அலமாரியிலும் வைக்கக் கூடாது. மண் தள்ளி இடம் சுருங்கிவரும் கல்லறைத் தோட்டங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய வழி.

எங்க அப்பத்தா கடைசி வரைக்கும் குறிஞ்சி ஆண்டவரைத்தான் கும்பிட்டாங்க. அவங்க நரகத்துலயா?

கத்தோலிக்கப் பதில் 1964-லேயே இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் எழுதப்பட்டுவிட்டது. தம் குற்றமின்றிக் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாமல், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி, மனசாட்சி காட்டியபடி நடந்தவர்கள் மீட்பு அடைய முடியும். முதல் பதிலைத் திரும்பப் பாருங்கள்: நரகம் தெரிந்தே தள்ளியவருக்கு. அப்பத்தா எதைத் தள்ளினார்?

பல பெந்தெகொஸ்து சபைகளும் சில சி.எஸ்.ஐ. போதகர்களும் இதை ஏற்க மாட்டார்கள். இயேசுவை வெளிப்படையாக ஏற்காமல் மீட்பு இல்லை என்பார்கள். எப்படியிருந்தாலும் துக்க வீட்டில் அதைச் சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை. அப்பத்தாவுக்காகப் பூசை வைக்கலாம், தடையில்லை.

பிறந்த அன்னைக்கே பிள்ளை போயிருச்சு. ஞானஸ்நானம் கொடுக்க நேரமில்ல.

அந்தப் பிள்ளை நரகத்தில் இல்லை. ஞானஸ்நானம் பெறாத குழந்தைகள் போகும் தனி இடம் 'லிம்போ' என்று பழைய வகுப்புகளில் சொன்னது இறையியலாளர்களின் ஊகம், விசுவாசக் கோட்பாடு அல்ல. திருச்சபை அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. அனைத்துலக இறையியல் குழு 2007-ல், அவர்கள் மீட்புப் பெறுகிறார்கள் என்று நம்பிக்கை கொள்ள வலுவான காரணங்கள் உண்டு என்றது. ஆயரின் அனுமதியோடு கோயில் முறைப்படி அடக்கமும் செய்யலாம்.

இனி இப்படி நேர்ந்தால் தெரிந்துகொள்ள: உயிர் ஆபத்தில் யாரும் திருமுழுக்குக் கொடுக்கலாம். நர்ஸ், பாட்டி, கிறிஸ்தவர் அல்லாதவரும்கூட, திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு. சாதாரணத் தண்ணீர் ஒரு கைப்பிடி போதும். குளிருக்கு வெதுவெதுப்பாக இருக்கலாம். தலையின் தோலில் ஓடும்படி 3 முறை ஊற்றிக்கொண்டே, பெயரைச் சொல்லி, "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். ஊற்றுபவரும் சொல்பவரும் ஒரே ஆள். "நாங்கள்" என்று சொன்னால் செல்லாது. 2020-ல் ரோமை அதை உறுதிசெய்தது. உயிர் பிரிந்தபின் கொடுக்க முடியாது. பிள்ளை பிழைத்தால் பங்கில் பதிவு செய்யுங்கள், மறுபடி தண்ணீர் ஊற்றக் கூடாது.

தற்கொலை செஞ்சுக்கிட்டவங்களுக்கு நேரா நரகம்தானே? கோயில்ல அடக்கம் கிடையாதாமே?

அது 1917-ன் பழைய சட்டம். 1983-ன் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. தற்கொலை கனமான தவறு. ஆனால் கடுமையான மனநோயும் பயமும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும். பஸ் கேள்விக்குச் சொன்ன 3 நிபந்தனைகளை இங்கே பொருத்திப் பாருங்கள். அவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்பதே திருச்சபையின் போதனை.

அந்த எண்ணம் இப்போது உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இருந்தால் 104 அல்லது 14416-ஐக் கூப்பிடுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

விசுவாசப் பிரமாணத்துல "பாதாளத்தில் இறங்கி"ன்னு சொல்றோமே, இயேசுவே நரகத்துக்குப் போனாரா?

இரண்டாவது பதிலே இதற்கும் விடை. அவர் போனது இறந்தோரின் இடத்துக்கு, அங்கே காத்திருந்தவர்களை விடுவிக்க. பெரிய சனிக்கிழமையின் பொருள் அதுதான்.

ரஷ்யாவுல பூமிய தோண்டுனப்ப நரகத்துல அலறுற சத்தம் கேட்டுச்சாமே? வாட்ஸ்அப்ல வந்துச்சு.

புரளி. கோலா தீபகற்பத்தில் தோண்டியது உண்மை. 12,262 மீட்டர் ஆழம் போனார்கள். கீழே வெப்பம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகி 180 டிகிரியைத் தொட்டதால் வேலை நின்றது. அலறல் ஒலிப்பதிவு ஒட்டுவேலை. 'நான் நரகத்தைப் பார்த்தேன்' என்று வரும் வீடியோக்களுக்கும் ஒரு அளவுகோல்: போர்ச்சுகலின் பாத்திமாவில் சிறுவர்கள் கண்ட, திருச்சபை ஏற்றுக்கொண்ட காட்சிகூடத் தனி வெளிப்பாடுதான், விசுவாசத்தின் பகுதி அல்ல. ஏற்காத வீடியோவுக்கு அந்த மதிப்பும் இல்லை.

எழுபது வருஷம் செஞ்ச பாவத்துக்கு முடிவே இல்லாத தண்டனை ஞாயமா?

கிறிஸ்தவர்கள் இதில் மூன்றாகப் பிரிந்திருக்கிறார்கள். பெரும்பான்மை: தண்டனை முடிவற்றது. மத்தேயு 25:46 நித்திய ஆக்கினையையும் நித்திய ஜீவனையும் ஒரே சொல்லால் குறிக்கிறது. ஒன்றுக்கு முடிவு வைத்தால் மற்றதற்கும் வைக்க வேண்டும். இரண்டாவது: தீயோர் எரிந்து இல்லாமல் போவார்கள், வேதனை நீடிக்காது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் இப்படிப் போதிக்கிறார்கள். 1988-ல் ஆங்கிலிக்கன் போதகர் ஜான் ஸ்டாட் தயக்கத்தோடு இந்தப் பக்கம் சாய்ந்தார். மூன்றாவது: கடைசியில் எல்லாரும் திரும்புவார்கள். 3-ம் நூற்றாண்டு ஒரிஜனின் பெயரோடு இணைந்த இந்தக் கருத்து 6-ம் நூற்றாண்டில் கண்டிக்கப்பட்டது.

எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்று போதிக்கக் கூடாது. மீட்கப்பட வேண்டும் என்று வேண்டலாம். செபமாலையில் ஒவ்வொரு பத்து மணிக்குப் பிறகும் எல்லாரையும் விண்ணகப் பாதையில் நடத்தியருளும் என்று கேட்கிறோம். கிடைக்கவே கிடைக்காததைத் திருச்சபை கேட்கச் சொல்லாது. நியாயத்தைப் பொறுத்தவரை, தண்டனையின் நீளம் பாவம் செய்த வருடங்களின் கணக்கால் வருவதல்ல. மனம் மாறாமல் நின்றுவிட்டதால் வருவது. இதிலும் திருப்தி இல்லை என்பவர்களை நாங்கள் குறைசொல்வதில்லை.

யூதாசு நரகத்துலதானே?

திருச்சபை சொன்னதில்லை. ஆயிரக்கணக்கானவர்களைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. ஒருவரைக்கூடப் பெயர் சொல்லி நரகத்தில் இருக்கிறார் என்று அறிவித்தது கிடையாது.

சின்னப் பிள்ளைங்களுக்கு நரகத்தை எப்படிச் சொல்லித்தர்றது?

7 வயதுக்கு முன் சொல்ல வேண்டாம். அந்த வயதுக்கு முன் சாவான பாவத்துக்கான பொறுப்பே கிடையாது. 'பொய் சொன்னா நாக்கைச் சுடுவாங்க' என்பது பொய். பொய்யை ஒழிக்கப் பொய் சொல்லக் கூடாது. பெரிய பிள்ளைகளுக்கு லாசரு உவமையிலிருந்து தொடங்குங்கள், வாசலில் கிடந்தவனிலிருந்து. ராத்திரி பயந்து எழும் பிள்ளையிடம் வாதம் வேண்டாம். படத்தை எடுத்துவிடுங்கள், பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள்.

மோட்சத்துல இருக்கிற அம்மா, நரகத்துல இருக்கிற பிள்ளையை நெனச்சு எப்படிச் சந்தோஷமா இருப்பா?

இடைக்கால இறையியலாளர்கள் சிலர், தீயோரின் தண்டனையில் கடவுளின் நீதியைக் கண்டு புனிதர்கள் மகிழ்வார்கள் என்று எழுதினார்கள். இன்று எந்தக் குருவும் அதைப் பிரசங்கத்தில் சொல்லத் துணிய மாட்டார், சொல்லவும் கூடாது. அம்மா பிள்ளையை மறந்துவிடுவாள் என்று சமாதானம் சொல்வோர் உண்டு. பிள்ளையை மறந்தவள் அந்த அம்மாவா என்று திருப்பிக் கேட்டால் பதில் இராது. கடவுள் அவர்களுடைய கண்ணீர் யாவையும் துடைப்பார் என்று வெளிப்படுத்தல் 21:4 சொல்கிறது. எப்படி என்று சொல்லவில்லை.

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வழிதவறி இறந்த மகனையோ மகளையோ மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு யூதாசு பதில் பொருந்தும்: அந்தப் பிள்ளை நரகத்தில் இருப்பதாக யாருக்கும் தெரியாது. கடைசி நிமிடத்தில் என்ன நடந்தது என்பதும் யாருக்கும் தெரியாது. பங்கு அலுவலகத்தில் பெயரைக் கொடுத்துப் பூசைக் கருத்து எழுதச் சொல்லுங்கள். எப்படி இறந்தார் என்று அங்கே சொல்ல வேண்டியதில்லை.